கையில் கொழுக்கட்டை

வண்ணார்பேட்டை பைபாஸில்
அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
காது கேட்கிறவர்களால் அங்கே நின்று பேச முடியாது.
நாங்கள் பேசினோம்.
பாபநாசம் பஸ் குறுக்கே வந்தால்
ஒரு வார்த்தை வெட்டுப்படும்.
பஸ் போனதும் விட்ட இடத்திலிருந்து
அவர் கை தொடரும்.
"வீட்டில் கேட்டாயா" என்றதில்
"வீட்டில்" எனக்கு வந்தது,
"கேட்டாயா"வை ஒரு மணல் லாரி கொண்டுபோனது.
ஆனாலும் தலையாட்டினேன்.
அப்படித்தான் கல்யாணம்.

பிறகு ஆசீர் இரண்டு வருஷம் திருப்பூரில்.
போனைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும்,
நான் திட்ட மாட்டேன்.
பருப்பு டப்பாமேல் சாய்த்துவைத்து
இரண்டு கையாலும் பேசியிருக்கிறேன்.
தலைக்கு மேல் தூக்கினால் திரை கையை வெட்டிவிடும்.
"மழை" என்றால் விரல்கள் மேலிருந்து இறங்க வேண்டும்;
என் மழை அவருக்குப்
பாதி வானத்திலிருந்துதான் பெய்தது.
நெட் சிக்கினால் அவர் கை நடுவில் உறைந்துவிடும்.
அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று
அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ரேஷன் கார்டில் நான் ஜெபக்கனி.
அவர் வைத்த பெயர், மோவாயில் இரண்டு விரல்.
அங்கே ஒரு தழும்பு.
ஊரில் எல்லோரும் "ஏலே" என்கிறார்களாம்.
நாக்கு நுனி மேலே தொட்டு இறங்கும்,
நான் பார்த்த திருநெல்வேலித் தமிழ் அவ்வளவுதான்.

இப்போது அவர் இங்கேதான்.
பேட்டையில் லேத் வேலை, ஏழு மணிக்கு
சமாதானபுரத்து வாடகை வீடு.
மூன்றடி தூரம்.
வலது கையில் போன்.

குழறுகிறவனைப் பார்த்து
வாயில் என்ன கொழுக்கட்டையா என்பார்கள்.
எங்களுக்குக் கையில்.
ஒரு கை மிச்சம் இருக்கிறதே என்பான் ஜெபின்,
எங்களுக்குப் பிறந்த, காது கேட்கிற பையன்.
ஒரு கையால் "சோறு" சொல்லலாம், "தண்ணீர்" சொல்லலாம்,
"அப்புறம்" சொல்லலாம்.
"அன்றைக்கு நீங்கள் சொன்னதை
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்"
இதற்கு இரண்டு கையும் வேண்டும்.
எதிரே ஒரு முகமும் வேண்டும்.

தரையை மிதித்துக் கூப்பிட்டேன்.
தெருவில் லாரி என்று நினைத்தாரோ என்னவோ.
லைட்டை அணைத்து அணைத்துப் போட்டேன்.
அவர் முகத்துக்குத் தனி வெளிச்சம் இருந்தது.
துண்டைச் சுருட்டி எறிந்தேன்.
தோளில் விழுந்ததை மடித்து வைத்தார்.
கடைசியில் மெசேஜ் அனுப்பினேன்:
கோபமாக இருக்கிறேன்.
என் கோபத்தைச் சொல்வது புருவம்.
எழுத்துக்குப் புருவம் கிடையாது.
பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்று வந்தது, மஞ்சளாக,
யார் கையிலிருந்தோ அறுத்தெடுத்த மாதிரி.

கார்த்திகை மழை ஒரு ராத்திரி கரண்டைப் பிடுங்கியது.
இருட்டில் எங்களுக்கு வாய் இல்லை.
போன் டார்ச்சைத் தம்ளருக்குள் நிறுத்தினார்.
சுவரில் நாலு கை, பெரிசு பெரிசாக.
இரண்டு மாதச் சண்டையை அந்த வெளிச்சத்தில் போட்டோம்.
ஜன்னல் வழியே யாராவது பார்த்திருந்தால்
அவர் நிழல் என் நிழலை அடிக்கிறது என்று
கதவைத் தட்டியிருப்பார்கள்.
தட்டியிருந்தாலும் எங்களுக்குத் தெரியாது.

டார்ச் அவிந்தபோது
நான் ஒரு வாக்கியத்தின் பாதியில் இருந்தேன்.

அவர் என் உள்ளங்கையைத் தேடி எடுத்தார்.
லேத்துக்காரர் விரல், சொரசொரவென்று.
ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன்.
சா
ர்
ஜ
ர்
எங்கே.

கரண்டே இல்லாத வீட்டில்.

சிரித்துவிட்டேன்.
என் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியாது.
ஜெபின் புரண்டு, அவன் கால் என்மேல் விழுந்தது.
அவர் கையைத் திருப்பி
"தெரியாது" என்று எழுதினேன்.

என் தலையணைக்குக் கீழேதான் இருந்தது.